அளவு சொல்லிச் செய்த கேக்குக்குப் பணம் திரும்பாதா?

டெல்லி பேக்கரிகளில் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஓர் அட்டை தொங்கும். 'கஸ்டமைஸ்டு கேக்குகளுக்கு ரிஃபண்ட் கிடையாது, எக்ஸ்சேஞ்ச் கிடையாது.' லட்சுமி நகர் சந்துக்குள் இருக்கும் ஒற்றை அறைக் கடையிலும் இதைப் பார்த்திருக்கிறேன், கிரேட்டர் கைலாஷில் ஏசி போட்ட கடையிலும் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்கள் வாட்ஸ்அப்பில் விலையைச் சொல்லிவிட்டுக் கடைசி வரியாக இதையும் சேர்த்து அனுப்புகிறார்கள். திரும்பத் திரும்பப் பார்த்ததில் பலருக்கும் இது சட்டம் என்றே பதிந்துவிட்டது. நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து சேர்ந்த ஒரு ரயில் எஞ்சின் கேக்கின் புண்ணியத்தில் நான் இதைக் கொஞ்சம் தோண்டிப் படிக்க நேர்ந்தது.

என் மாமனாருக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம். பரோடா ஹவுஸில், வடக்கு ரயில்வேயின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுதியது கணக்கு என்றாலும் மனசெல்லாம் நீராவி எஞ்சின்மேல். பேரன் பேத்திகளைச் சாணக்கியபுரி ரயில் மியூசியத்துக்கு அழைத்துப் போனால் பொம்மை ரயிலில் அவர்களை ஏற்றிவிட்டு, அவர் மட்டும் ஏதாவது ஓர் எஞ்சினின் சக்கரத்தருகே நின்றுகொண்டிருப்பார். அதனால் காலையில் சாஸ்திரிகள், ஹோமம், கலசாபிஷேகம் எல்லாம் முடிந்த பிறகு, சாயங்காலம் மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி ஹாலில் அக்கம்பக்கத்தாரோடு கேக் வெட்டுவதென்றும், அது டபிள்யூ.பி. வகை நீராவி எஞ்சினாக இருக்க வேண்டுமென்றும் என் நாத்தனார் முடிவு செய்தாள். கூம்பிய மூக்கும் அதில் ஒரு நட்சத்திரமுமாக, 1947-இல் அமெரிக்காவிலிருந்து முதன்முதலாக வந்து இறங்கிய அந்த எஞ்சின்தான் அவருக்குப் பிரியம்.

நொய்டாவில் ஒரு பேக்கரியில் சொன்னோம். மூன்று கிலோ, முட்டை இல்லாதது, இரண்டு அடுக்கு. கீழே சாக்லேட் கேக், மேலே கறுப்பு எஞ்சின். முன்னால் தமிழில் 'அப்பா 80' என்று எழுத வேண்டும். எழுத்துகளைப் பெரிதாக அச்சடித்துப் படமெடுத்து அனுப்பினேன். எஞ்சினை மூன்று பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களையும் அனுப்பினேன். விலை 7,200 ரூபாய். பாதிக்குமேல் முன்பணம், யுபிஐயில்.

மே மாதச் சாயங்காலம். வெளியே அனல். பெட்டியைத் திறந்தால் எஞ்சினின் பாய்லர், படுக்கப்போட்ட அம்மிக் குழவியைப்போல ஒருபக்கம் சரிந்து கிடந்தது. கறுப்பு என்று சொன்ன நிறம் சாம்பலும் கத்தரிப்பூவும் கலந்து நின்றது. மூக்கு தட்டை. நட்சத்திரம் இல்லை. எழுத்தில் புள்ளியைக் காணோம், 'அபபா 80'. மாமனார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "இது எந்த கிளாஸ் எஞ்சின்டா?" என்று மகனைக் கேட்டார். ஹாலே சிரித்தது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

கடைக்குப் போன் போட்டேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். பதில் பத்து நிமிஷத்துக்குள் வந்தது. "மேடம், கஸ்டமைஸ்டு ஹை. ரிஃபண்ட் நஹீ ஹோதா." வேண்டுமானால் அடுத்த ஆர்டருக்கு 20 சதவீதம் தள்ளுபடி தருவார்களாம். எண்பது வயது இனி அடுத்த ஆர்டருக்கு வருமா?

கடைக்காரர் சொல்லும் நியாயத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஒருவருக்காகவே பெயரெழுதிச் செய்த பொருளை இன்னொருவருக்கு விற்க முடியாது, ஆகவே திருப்பி வாங்க முடியாது என்பது அவர் வாதம். வாடிக்கையாளர் மனம் மாறினால் அது நியாயம்தான். நாளைக்கு விசேஷம் என்றிருக்கும்போது இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் கடைக்காரர் எங்கே போவார்? பிரிட்டனில் இணையம் வழி வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப உரிமை உண்டு. 2013-ஆம் ஆண்டின் அந்த விதிகளிலும், வாங்குபவர் சொன்னபடி தனியாகச் செய்த பொருளுக்கு விலக்குத் தந்திருக்கிறார்கள். ஆனால் அந்த விலக்கு மனம் மாறியவர்களுக்கு மட்டும். செய்த பொருளே பழுது என்றால் அங்கும் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊர் அட்டைகள் இந்த இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பிவிட்டன. நான் மனம் மாறவில்லை. நான் சொன்னது வரவில்லை. அவ்வளவுதான் வழக்கு.

சொல்லிச் செய்தது என்பது எனக்குச் சாதகமே தவிர, கடைக்குச் சாதகமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்கைக் கைகாட்டி வாங்கினால், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று கேட்கலாம். நான் எடை சொல்லி, நிறம் சொல்லி, எழுத்தை அச்சடித்தே கொடுத்து, கடை அதற்குச் சரி என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறது. விவரம் கூடக் கூடக் கடையின் பொறுப்பும் கூடுகிறது. நம் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இல் வந்தது. விவரித்துச் சொல்லி வாங்கும் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதன் 15-ஆம் பிரிவு சொல்கிறது. மாதிரி காட்டி வாங்கினால் மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு.

மாதிரி என்றதும் தலச்சேரி நினைவுக்கு வருகிறது. 1883-இல் அஞ்சரக்கண்டி தோட்டத்து மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர், சீமையிலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கை மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் கொடுத்து, இதைப்போல ஒன்று செய்து தா என்றாராம். பாபு உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துச் செய்து தந்தார். பிரவுன் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலும் ஒரு டஜன் கேட்டார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. இந்தியாவில் ஆர்டர் கொடுத்துச் செய்த கேக்கின் மிகப் பழைய கதைகளில் ஒன்று இது. அதில் வாடிக்கையாளர் திருப்தியோடு போனார் என்பது நம் நாட்டு பேக்கரிகளுக்கு நல்ல சகுனம்தான்.

1930 சட்டத்துக்கு மேலாக, இப்போது நம் கையில் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. 'நேர்மையற்ற வணிக நடைமுறை' என்று அது எதையெல்லாம் சொல்கிறது என்று பார்த்தேன். ரசீது தராமல் இருப்பது அதில் ஒன்று. பழுதான பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது இன்னொன்று. அதற்குக் கெடுவும் சொல்லியிருக்கிறது: ரசீதில் எத்தனை நாள் என்று போட்டிருந்தால் அத்தனை நாள், போடாவிட்டால் 30 நாள். அட்டையில் 'கிடையாது' என்று எழுதி மாட்டிவிட்டதால் இந்தப் பிரிவு மாயமாகிவிடாது. செயலியிலோ இணையதளத்திலோ வாங்கினால் இன்னும் தெளிவு. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், விளம்பரத்தில் காட்டியபடியோ பேசி ஒப்புக்கொண்டபடியோ இல்லாத பொருளுக்கும், சொன்ன நேரம் தாண்டி வந்த பொருளுக்கும் விற்பவர் பணம் திருப்ப மறுக்கக் கூடாது என்கின்றன. தாமதத்துக்கு மட்டும் இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களில் விலக்கு உண்டு. ரிங் ரோடு நெரிசல் அந்தக் கணக்கில் சேருமா என்பதை யாராவது ஒருநாள் வாதாடித்தான் பார்க்க வேண்டும்.

'ஒரு கேக்குக்கா இத்தனை?' என்று என் கணவர் கேட்டார். அவருக்கு நான் விழுப்புரத்தைச் சொன்னேன். 2022 நவம்பரில், உறவினரின் நினைவு நாளுக்காக ஒருவர் அங்கே ஒரு ஓட்டலில் 25 பார்சல் சாப்பாடு சொன்னார். ஒன்று 80 ரூபாய். என்னென்ன வகை உண்டு என்ற பட்டியலில் ஊறுகாயும் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் ஊறுகாய் இல்லை. ஒரு பொட்டலம் ஒரு ரூபாய் என்று 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், ஓட்டல்காரர் தரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024-இல் தீர்ப்புச் சொன்னது: ஊறுகாய்க்கான 25 ரூபாயோடு, இழப்பீடும் வழக்குச் செலவுமாக 35,000 ரூபாய். வீட்டு விசேஷத்துக்குச் சொல்லி வாங்கும் சாப்பாட்டில் சொன்னது ஒன்று குறைந்தால் அது சில்லறைச் சமாசாரமில்லை என்று நம் ஊர் ஆணையம் ஒன்று சொல்லியிருக்கிறது. கணவர் அதன்பிறகு பேசவில்லை.

இதில் நான் அதிகம் யோசித்த இடம், வெட்டுவதா வேண்டாமா என்பது. சட்டப்படி பார்த்தால் கத்தி வைக்கும் நிமிஷம் முக்கியமானது. பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான அவகாசம் உண்டு. பிடிக்கவில்லை, ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், தூக்கிக்கொண்டுபோய்க் கடையில் கொடுக்க வேண்டிய கடமைகூட இல்லை என்று 1930 சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. கடைக்காரர்தான் வந்து எடுத்துப் போக வேண்டும். ஆனால் நம் பொருள் என்று ஆண்டு அனுபவித்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். வெட்டி, 40 பேர் சாப்பிட்டுவிட்டு முழுப்பணமும் கேட்டால் எந்த ஆணையத்திலும் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்.

அதற்காக விசேஷத்தை நிறுத்த முடியுமா? பெரியவர் கையில் கத்தியோடு நிற்கிறார். குழந்தைகள் மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள். மணி ஏழு. கேக்கைப் பல கோணங்களில் படமெடுத்தேன். என் நாத்தனாரின் மகன் பெட்டி திறப்பதிலிருந்து வீடியோ எடுத்து வைத்திருந்தான். கடைக்கு எழுத்தில், 'நான் சொன்னபடி இது இல்லை. இன்னின்ன குறை. விசேஷத்துக்கு வேறு வழியில்லாததால் வெட்டுகிறோம், இதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை' என்று அனுப்பிவிட்டு வெட்டச் சொன்னேன். சாப்பிட நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பொருளை வைத்துக்கொண்டு, குறைக்கு ஏற்றபடி விலையைக் குறைத்துக் கேட்கலாம். அதே 1930 சட்டத்தின் 59-ஆம் பிரிவு. நான் போனது அந்த வாசல் வழியாக.

முட்டை விஷயம் இதிலிருந்து முற்றிலும் வேறு. டெல்லியில் 'எக்லெஸ்' என்று கேட்காமல் கேக் வாங்கும் வீடுகள் குறைவு. பனியாக்கள், ஜைனர்கள், நம்மில் பலர், நவராத்திரியில் பாதி ஊர். நம் உணவு லேபிள் விதிகளில் முட்டையும் அசைவக் கணக்கில்தான் வருகிறது, பால் சைவம். முட்டை இல்லை என்று சொல்லி முட்டை கலந்த கேக்கைக் கொடுத்தால், கேட்ட தன்மையில் இல்லாத உணவை விற்றதற்காக உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறு வியாபாரிகளுக்கு 25,000 வரை. இங்கே பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. முட்டை இல்லாததெல்லாம் சைவமாகிவிடாது. பொம்மை, பூ, எஞ்சின் செய்யும் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் பிசினில் சில வகைகளுக்கு ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது மாட்டுத் தோலிலும் எலும்பிலும் பன்றித் தோலிலும் இருந்து எடுப்பது. தாவரப் பிசின் சேர்த்த ஃபாண்டன்டும் கிடைக்கிறது, கேட்டால்தான் அது வரும். உணவுப் பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதோடு, அது செடியிலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்றும் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. சட்டப் பிரிவெல்லாம் நினைவில் நிற்காவிட்டாலும், 'ஃபாண்டன்டில் ஜெலட்டின் உண்டா?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முட்டையைப் பற்றிக் கேட்பதிலும் வம்பு உண்டு. 2022-இல் நாக்பூரில் ஒருவர் செயலி வழியாகக் கேக் வாங்கும்போது, 'முட்டை சேர்ந்திருந்தால் குறிப்பிடவும்' என்று எழுதியிருந்தார். கேக்கின்மேல் கிரீமில் 'முட்டை சேர்ந்தது' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி அனுப்பிவிட்டார்கள். எழுத வேண்டியதையும் கடைக்குச் சொல்ல வேண்டியதையும் ஒரே பெட்டியில் தட்டச்சு செய்தால் இதுதான் கதி.

நிறமும் அப்படி விட்டுவிட முடியாத விஷயம். 2024-இல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்து, 12-இல் செயற்கை நிறங்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டி இருப்பதாகச் சொன்னது. அழுத்தமான சிவப்பு, அழுத்தமான கறுப்பு கேட்டால் நிறம் அதிகம் ஊற்ற வேண்டியிருக்கும் என்பது பேக்கரிக்காரர்கள் சொல்லும் ரகசியமே இல்லாத ரகசியம். கறுப்பு எஞ்சின் கேட்கும்போது, சாக்லேட்டை அடியாக வைத்துக் கறுப்பாக்க முடியுமா என்று கேட்பது நாக்குக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. சாப்பிட்டு யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், அது பணம் திரும்பும் பேச்சே இல்லை. மருத்துவரின் சீட்டு, மிச்சக் கேக்கில் ஒரு துண்டு ஃப்ரீஸரில், உடனே மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார். வாங்குபவர் தாமே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டுமாம்! பேத்தியின் பிறந்தநாள் கேக்கை வாங்கும்போது எந்தத் தாத்தா அப்படிச் சொல்வார்? இதை எழுதியவர்கள் பேக்கரிப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது.

கடைக்காரர்களை நான் வில்லனாக்கவில்லை. மே மாத டெல்லியில் வண்டியில் கேக் கொண்டுபோவது சர்க்கஸ். பாலாடைக் கிரீம் ஒரு நிமிஷம் தாங்காது, அதனால்தான் தாவரக் கொழுப்புக் கிரீமுக்குப் போனார்கள். ஃபாண்டன்ட், குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்தால் வியர்க்கும், வியர்த்தால் சரியும். எட்டு கிலோவில் செய்த வெளிநாட்டுக் கேக்கின் படத்தைக் காட்டி, இதே மாதிரி ஒரு கிலோவில் செய்து தா என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர். இனிப்புக் கூடிவிட்டது, பஞ்சு போதவில்லை என்று முழுக் கேக்கையும் தின்றுவிட்டுப் பணம் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பைசாகூடத் தர வேண்டியதில்லை என்பது என் கட்சி. ருசி அவரவர் நாக்கு. அளவு, நிறம், எழுத்து, முட்டை, நேரம் இவை பேச்சு. பேச்சு தவறினால் பணம்.

பெல்ஃபாஸ்டில் ஒரு பேக்கரி, தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத முடியாது என்று 2014-இல் மறுத்தது. அந்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போய், 2018-இல் பேக்கரிக்குச் சாதகமாக முடிந்தது. கேக்கின் விலை 36 பவுண்டு 50 பென்ஸ். கருத்துச் சுதந்திரம் பற்றிய பெரிய பெரிய பேச்செல்லாம் அதில் உண்டு. எனக்குக் கண்ணில் பட்டது சின்ன விஷயம்: செய்ய முடியாது என்றதுமே அந்தக் கடை பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கொள்கைக்காக உச்ச நீதிமன்றம்வரை போனவர்கள்கூட அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு போகவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன். கோபம் இல்லாமல். எந்தத் தேதியில் என்ன சொன்னேன், அவர்கள் எதற்குச் சரி என்றார்கள், என்ன வந்தது, கேக்கைச் சாப்பிட்டோம் என்பது உட்பட எல்லாம். கீழ் அடுக்குக்கு விலை கழித்து, மேல் அடுக்கு வேலைக்கும் எழுத்துக்குமான 4,000 ரூபாயைத் திருப்ப வேண்டும், 15 நாள் அவகாசம். வாட்ஸ்அப்பில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீட் போஸ்டில் ஒன்று. வக்கீல் நோட்டீஸ் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. நாமே எழுதினால் போதும்.

கடை அசையவில்லை. 1915-ஐ அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரை, 17 மொழிகளில் பேசுகிறது, தமிழும் அதில் ஒன்று. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இந்தியில் தடுமாறாமல் என் எஞ்சின் கதையைத் தமிழிலேயே சொன்னேன். மறுமுனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆர்டர் விவரம் எழுத்துல இருக்கா அம்மா?" என்ற ஒரே கேள்வியைத்தான் அழுத்திக் கேட்டார். புகார் எண் கொடுத்தார். இது நீதிமன்றம் இல்லை, கடையை வற்புறுத்த அவர்களுக்கு அதிகாரமில்லை. புகாரைக் கடைக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவே. சின்னக் கடைகளுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதை நான் நேரில் பார்த்தேன். முதலாளியே போன் செய்தார். 3,000 தருகிறேன் என்றார். 4,000 என்றேன். யுபிஐயில் 4,000 வந்தது.

வராமல் போயிருந்தால்? மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். கடை நொய்டாவில், அதாவது உத்தரப் பிரதேசத்தில். பழைய சட்டத்தில் பொதுவாகக் கடை இருக்கும் இடத்துக்கோ, வியாபாரம் நடந்த இடத்துக்கோ நாம்தான் அலைய வேண்டியிருந்தது. 2019 சட்டம், நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று மாற்றிவிட்டது. எனக்கு அது சைனி என்க்ளேவில் இருக்கும் கிழக்கு டெல்லி ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொலியில் ஆஜராக விண்ணப்பிக்கலாம். குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்குகளை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் அதைவிட நீளும், அந்தப் பொறுமை வேண்டும். தீர்ப்பை மதிக்காத கடைக்காரருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இத்தனையிலும் எனக்குக் கைகொடுத்தது நான் அனுப்பிய செய்திகளும் படங்களும்தான். வாயால் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது எடை, அடுக்கு, நிறம், முட்டை, ஜெலட்டின், எழுத வேண்டிய வாசகம், வந்து சேர வேண்டிய மணி எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்குங்கள். தமிழில் எழுதச் சொன்னால், கிரீமில் கை எழுத்து வேண்டாம். உண்ணும் தாளில் அச்சடித்து ஒட்டச் சொல்லுங்கள், புள்ளி தப்பாது. கேக் கிளம்பும் முன் படம் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். யுபிஐயில் போன பணத்தை, எஞ்சின் சரிந்துவிட்டது என்று வங்கி திருப்பித் தராது. கேக்கின் எடையில் அட்டையும் பெட்டியும் சேர்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, பில் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை 2022 ஜனவரியிலிருந்து பில்லில் அச்சடிப்பது கட்டாயம். வீட்டில் செய்து விற்பவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பில் தராத கடையில், எண் சொல்லத் தயங்கும் கடையில், எவ்வளவு அழகான படம் காட்டினாலும் வீட்டுப் பெரியவர்களின் எண்பதுக்குக் கேக் சொல்லாதீர்கள்.